பேரிடருக்குப் பிறகு விவசாயத்தை மீட்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் தாக்கியது. அடுத்த ஆண்டு அநேகமாக மொத்த விளைச்சலும் போனது. 1847-இல் நோய் பெரிதாக இல்லை. நட்ட இடங்களில் கிழங்கு நன்றாகவே விளைந்தது. ஆனாலும் அந்தப் பஞ்சத்தில் மிகக் கொடுமையான ஆண்டு என்று நினைவில் நிற்பது 1847-தான். நடுவதற்கென்று எடுத்து வைத்த விதைக்கிழங்கைப் பசி தாங்காமல் மக்கள் தின்றுவிட்டிருந்தார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நிலம் இருந்தது, நோயும் விலகியிருந்தது, நடுவதற்குத்தான் கிழங்கு இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகோ போர் ஓய்ந்த பிறகோ ஒரு விவசாயக் குடும்பத்துக்கு விழும் இரண்டாவது அடி இப்படித்தான் வருகிறது. முதல் அடி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது அடி அடுத்த விதைப்பில், சத்தமில்லாமல் விழும். அதைத் தடுப்பதற்காகத்தான் அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் விதை, கருவி, மாடு, பணம் என்று பலவற்றைக் கொண்டு போகின்றன. நல்ல எண்ணத்தோடு போகிற இந்த உதவியே சில நேரம் மீட்சியைத் தாமதப்படுத்திவிடுகிறது. கடந்த சில பத்தாண்டுகளின் அனுபவங்களைப் பார்த்தால் ஒரே தவறு வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். உதவ வருபவர்கள் எதெல்லாம் அழிந்தது என்று பட்டியல் போடுகிறார்கள். எதெல்லாம் பிழைத்திருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து கேட்பதில்லை.

விதையே இல்லை என்று முடிவு கட்டுவது

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மிக அதிகமாகச் செலவாவதும் மிக அதிகமாகத் தவறு நடப்பதும் விதையில்தான்.

பயிர் அழிந்தது, ஆகவே விதை அழிந்தது, ஆகவே வெளியிலிருந்து விதை கொண்டுவர வேண்டும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறு விவசாயிகள் பெரும்பாலும் விதைக் கம்பெனியையோ அரசு விதைப் பண்ணையையோ நம்பி இருப்பதில்லை. தங்கள் களஞ்சியத்தில் எடுத்து வைப்பார்கள், சொந்தக்காரரிடம் கேட்பார்கள், இல்லாவிட்டால் சந்தையில் தானியமாக விற்பதிலேயே நல்லதைப் பொறுக்கி வாங்கி விதைப்பார்கள். இந்த வலைப்பின்னல் நாம் நினைப்பதைவிட உறுதியானது.

ருவாண்டாவில் 1994-இல் நடந்த இனப்படுகொலைக்குப் பிறகு, அந்த நாட்டின் பயிர் ரகங்களே அழிந்துபோயிருக்கும் என்று வேளாண் விஞ்ஞானிகள் அஞ்சினார்கள். அங்கே பீன்ஸ் அன்றாட உணவு. ஊருக்கு ஊர் பல ரகங்களைக் கலந்து விதைப்பார்கள். பன்னாட்டு ஆராய்ச்சி மையங்கள் சேர்ந்து அந்த ரகங்களை வேறு நாடுகளில் பெருக்கித் திருப்பிக் கொடுக்கத் திட்டம் போட்டன. களத்தில் இறங்கிப் பார்த்தபோது, அத்தனை கொடுமைக்கு நடுவிலும் பீன்ஸ் ரகங்கள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. மக்கள் தங்கள் அறுவடையிலிருந்தும் சந்தையிலிருந்தும் விதை எடுத்திருந்தார்கள். மோசமாக அடிபட்டது உருளைக்கிழங்கு. அதன் விதைக்கிழங்கு அரசு ஆராய்ச்சி நிலையம், திட்டங்கள் என்று ஒரு சில கைகளை நம்பியிருந்தது. அந்தக் கைகள் ஓய்ந்ததும் அதுவும் நின்றது. ஒரே நாடு, ஒரே பேரழிவு, ஆனால் பயிருக்குப் பயிர் நிலைமை வேறு. மொத்தமாக ‘விதை இல்லை’ என்று சொல்லியிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

ஹைத்தியில் 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு இதுவே வேறு மாதிரி நடந்தது. இடிந்தது தலைநகர். அங்கிருந்து சுமார் 6 லட்சம் பேர் கிராமங்களில் இருந்த உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். நாலு பேர் இருந்த வீட்டில் எட்டுப் பேர் ஆனதும், கையில் இருந்த பணமும் எடுத்து வைத்த தானியமும் கரைந்தன. அந்த ஆண்டு நடந்த விதைநிலை ஆய்வில் தெரியவந்தது, சந்தையில் விதை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது என்பது. அதை வாங்கத்தான் குடும்பங்களிடம் காசு இல்லை. ஆனால் வெளியிலிருந்து வந்தது டன் கணக்கான விதை. அதில் வீரிய ஒட்டு மக்காச்சோளமும் இருந்தது. அந்த விதையின் அறுவடையிலிருந்து எடுத்து மறுபடி விதைத்தால் அதே விளைச்சல் வராது. தங்கள் விதையைத் தாங்களே எடுத்து வைக்கும் பழக்கம் போய்விடும் என்று பயந்து, 2010 ஜூனில் விவசாயிகள் ஊர்வலமாகப் போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பசியில் இருக்கும் ஒரு விவசாயி, இலவசமாக வந்த விதையை வேண்டாம் என்று சொல்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்கும் பொறுமை உதவ வருபவருக்கு வேண்டும்.

ஆகவே விதை என்ற சொல்லை எழுதும் முன் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தில் விதை இருக்கிறதா? இருந்தால், வாங்கவோ கேட்டுப் பெறவோ இவர்களால் முடிகிறதா? கிடைப்பது முளைக்குமா, இந்த மண்ணுக்கும் இவர்கள் விரும்பும் சுவைக்கும் ஒத்து வருமா? சிக்கல் இரண்டாவதில் என்றால் லாரியில் விதை ஏற்றி வருவது வீண். பணமோ கூப்பனோ கொடுக்கலாம். உகாண்டாவில் 2000-ஆம் ஆண்டு முதல் விதைச் சந்தை என்ற முறையைச் செய்து பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கூப்பன் கொடுத்து, சுற்றுவட்டார விவசாயிகளையும் சிறு வியாபாரிகளையும் விதையோடு ஒரு நாள் ஓரிடத்தில் கூடச் செய்வார்கள். வாங்குபவருக்குத் தனக்கு வேண்டிய ரகம் கிடைக்கும்; விற்பவருக்கும் வருமானம்; பணம் அதே வட்டாரத்தில் சுற்றும். பின்னர் பல ஆப்பிரிக்க நாடுகளில் இது பரவியது.

முளைக்குமா என்ற சந்தேகத்துக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்தால், பயிரைப் பொறுத்து ஒரு வாரம் பத்து நாளில் எத்தனை முளைத்தது என்று தெரிந்துவிடும். நிவாரண விதை மூட்டைகளை, வந்த ஒவ்வொரு சரக்கிலும் இதைச் செய்யாமல் வழங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. முளைக்காத விதையால் ஒரு குடும்பம் இழப்பது விதையை மட்டும் அல்ல. உழவும் உழைப்பும் அந்தப் பருவமும் சேர்ந்தே போகின்றன.

உண்மையாகவே ரகங்கள் அழிந்துபோகிற சூழலும் உண்டு, மறுக்கவில்லை. கம்போடியாவில் 1970-களின் பிற்பகுதியில் நடந்த கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் ஆட்சியிலும் அதையொட்டிய பஞ்சத்திலும் பல பாரம்பரிய நெல் ரகங்கள் வயலிலிருந்து மறைந்தன. அதற்கு முன்பே சேகரித்துப் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்திருந்த நூற்றுக்கணக்கான ரகங்கள் 1980-களில் அந்த நாட்டுக்குத் திரும்பிப் போயின. சிரியப் போரில் அலெப்போ அருகே இருந்த வறண்ட நிலப் பயிர்களின் விதை வங்கி செயல்பட முடியாமல் போனபோது, உலக நாடுகளின் விதைப் பிரதிகளைக் காக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்திலிருந்து 2015-இல் முதன்முறையாக விதைகள் வெளியே எடுக்கப்பட்டன. லெபனானிலும் மொராக்கோவிலும் அவற்றை வளர்த்துப் பெருக்கினார்கள். இந்த ஏற்பாடுகள் விலைமதிப்பற்றவை. ஆனால் பேரிடர் நடந்த ஒவ்வோர் ஊரிலும் நிலைமை இதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அயர்லாந்துக் கதையிலிருந்து இன்னொன்றும் உண்டு. பசித்த வீட்டுக்கு விதையை மட்டும் கொடுத்துவிட்டு வருவது நியாயமில்லை. குழந்தை அழும்போது விதை மூட்டையைப் பிரிக்காமல் இருக்க யாராலும் முடியாது. விதைத்து அறுக்கும் வரை தாங்கும் அளவுக்கு உணவோ பணமோ சேர்த்துக் கொடுத்தால்தான் விதை மண்ணுக்குப் போகும். பசியில் விதையைத் தின்றதையும் ‘விதை தவறான வழியில் பயன்பட்டது’ என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். தவறு விதையைத் தின்றவரிடம் இல்லை.

பட்டம் தவறிய பிறகு வந்து சேர்வது

அலுவலகத்துக்கு ஒரு நாட்காட்டி, வயலுக்கு ஒரு நாட்காட்டி. நிதி ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, கொள்முதல், துறைமுகம், லாரி என்று எல்லாம் முடிந்து விதை வருவதற்குள் விதைப்பு முடிந்திருக்கும். பட்டம் தவறி வந்த விதையைச் சும்மா வைத்திருக்க மனம் வராமல் விவசாயி விதைப்பார். பூக்கும் நேரத்தில் மழை நின்றுவிடும். விதை இலவசம்தான், ஆனால் உழவுக்கும் களையெடுப்புக்கும் கடன் வாங்கியிருப்பார்.

மொசாம்பிக்கில் இடாய் புயல் கரையைக் கடந்தது 2019 மார்ச் நடுவில். முக்கிய அறுவடைக்குச் சில வாரங்களே இருந்தன. களஞ்சியம் ஏறக்குறைய காலி, வயலில் நின்றது தண்ணீரில். அடுத்த சிறு பருவத்தின் விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். அதற்குள் குறுகிய காலப் பயிருக்கான விதை போய்ச் சேர்ந்த குடும்பங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. சேராதவர்கள் அடுத்த பெரும் பருவம் வரை, அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

காலத்தோடு சேர்ந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸை ஹையான் புயல் தாக்கியது 2013 நவம்பர் 8. நெல்லின் அடுத்த நடவு டிசம்பர், ஜனவரியில். மீட்புப் பணிகளே முடியாத நேரத்தில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் அந்த நாட்டு அரசும் விதைநெல்லைத் தள்ளிப்போட முடியாத பொருள் என்று முடிவெடுத்து அனுப்பின. அடுத்த ஆண்டின் முதல் பாதியில் அந்தக் குடும்பங்கள் தங்கள் வயலில் அறுவடை செய்தார்கள். சோறும் கூரையும் தருகிற அதே வாரத்தில் விதையையும் யோசிப்பது அவசரக்குடுக்கைத்தனம் ஆகாது.

செய்யக்கூடியது எளிது. விதைப்பின் கடைசித் தேதியை ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வழங்க இவ்வளவு நாள், போக்குவரத்துக்கு இவ்வளவு, முளைப்புச் சோதனைக்கு இவ்வளவு, வாங்க இவ்வளவு. கணக்கு இடிக்கிறது என்றால் அதை ஒப்புக்கொண்டு திட்டத்தை மாற்ற வேண்டும். அந்தப் பருவத்துக்குப் பணமும் தீவனமும் கொடுக்கலாம், கால்வாயைச் சீர்செய்யக் கூலி வேலை தரலாம், விதையை அடுத்த பருவத்துக்கு ஒழுங்காகத் தயார் செய்யலாம். பாகிஸ்தானில் 2022 வெள்ளத்துக்குப் பிறகு சிந்து மாகாணத்தின் பல பகுதிகளில் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நின்றது. அப்படிப்பட்ட இடத்தில் கோதுமை விதைக்கும் முன் தேவைப்பட்டது தண்ணீரை வெளியேற்றும் வழி. வடியாத வயலுக்கு எவ்வளவு நல்ல விதை கொடுத்தும் பயனில்லை.

மண்ணைப் பார்க்காமல் பயிர் வைப்பது

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே கடற்கரையில் கடல்நீர் புகுந்த நிலங்களில் விரைவிலேயே மறுபடி பயிர் செய்தார்கள். சில வயல்களில் நிலக்கடலைச் செடி பச்சைப்பசேல் என்று வளர்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் காயில் பருப்பு இல்லை. நெல்லிலும் சில இடங்களில் பதர்தான் மிஞ்சியது. மேலே பார்க்கப் பயிர் நன்றாக இருந்ததால் கடைசி வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உப்பு புகுந்த நிலத்தில் இரண்டு வேறு சிக்கல்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. மண்ணில் கரையும் உப்பு மிகுந்திருந்தால் அது உவர். நல்ல மழையும் வடிகாலும் இருந்தால் உப்பு கீழே இறங்கி, வெளியேறிவிடும். மண்ணின் களித்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டு மண்ணின் அமைப்பே கெட்டுப்போனால் அது களர். தண்ணீர் உள்ளே இறங்காது, காய்ந்தால் மண் இறுகிவிடும். இதற்குத்தான் ஜிப்சம், அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கும், விலகிய சோடியத்தைத் தண்ணீர் அடித்துப் போக வேண்டும். வடிகால் மூடிக் கிடக்கும்போது ஜிப்சம் மூட்டைகளை வழங்குவது பணத்தை மண்ணில் கொட்டுவது போலத்தான். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சமே தேவைப்படாமலும் போகலாம்.

மண்ணின் மின் கடத்துத்திறனை அளந்தால் உப்பின் அளவு தெரியும். மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் மண் என்று பொதுவாக வகைப்படுத்துவார்கள். நெல் அதைவிடக் குறைந்த அளவிலேயே, 3-ஐ ஒட்டியே, விளைச்சலை இழக்கத் தொடங்கும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் மிக மென்மையானவை. ஒரு வயலில் சரியாக இருந்தால் பக்கத்து வயலிலும் சரியாக இருக்கும் என்றும் இல்லை. தாழ்ந்த வயலில் உப்புநீர் தங்கியிருக்கும். கையடக்கக் கருவி ஒன்றோடு வயல் வயலாக நடப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இடிபாடுகளையும் சேற்றையும் அகற்றும் அவசரத்தில் பெரிய இயந்திரங்களை இறக்கி மேல்மண்ணையும் வழித்து எடுத்துவிடுவது இன்னொரு பிழை. போர் நடந்த நிலம் என்றால் ஆபத்து வேறு வகை. மொசாம்பிக்கில் 1992-இல் போர் முடிந்தது. கண்ணிவெடி இல்லாத நாடு என்று அறிவிக்க 2015 வரை ஆனது. எந்த நிலம் பாதுகாப்பானது என்று உறுதியாகும் முன் மண்வெட்டியும் விதையும் கொடுத்து அனுப்புவது, பசியில் இருப்பவரை வெடியின் மேல் நடக்கச் சொல்வதற்குச் சமம்.

உணவு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது

வங்கதேசத்தில் 1974-இல் வெள்ளமும் பஞ்சமும் வந்தன. அந்த ஆண்டு நாட்டில் ஆளுக்குக் கிடைக்கக்கூடிய உணவின் அளவு, முன்னும் பின்னுமான ஆண்டுகளைவிடக் குறைவாக இல்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் எடுத்துக்காட்டினார். வெள்ளத்தால் பாதித்த பயிர் அறுவடைக்கு வரும் முன்பே மக்கள் சாகத் தொடங்கிவிட்டார்கள். வயலில் தண்ணீர் நின்றதால் நடவு வேலை இல்லை. வேலை இல்லாததால் கூலி இல்லை. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. கடையில் அரிசி இருந்தும் நிலமற்ற கூலித் தொழிலாளிக்கு அது எட்டவில்லை.

இதை நினைவில் வைத்தால் இரண்டு தவறுகளைத் தவிர்க்கலாம். ஒன்று, விவசாய மீட்பு என்றாலே நிலம் வைத்திருப்பவருக்கு விதையும் உரமும் என்று நினைப்பது. கிராமத்தில் முதலில் பட்டினி கிடப்பது பெரும்பாலும் நிலமே இல்லாதவர். அவருக்கு விதை மூட்டையால் என்ன பயன்? உடனடியாகக் கூலி கிடைக்கும் வேலை வேண்டும். வாய்க்கால் தூர்வாருவது, கரை கட்டுவது, பாதையைச் சீர்செய்வது போன்றவற்றை விதைப்பு மும்முரமாக இல்லாத நாட்களில் வைத்தால் இரண்டு பக்கமும் நன்மை.

மற்றொன்று, சந்தையின் நிலையைப் பார்க்காமல் உணவுப் பொருளைக் கொண்டுவந்து குவிப்பது. குவாத்தமாலாவில் 1976 பிப்ரவரி நிலநடுக்கம் வீடுகளை இடித்தது, பயிரை அல்ல. அந்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருந்தது. வீடு கட்டப் பணம் தேவைப்பட்ட விவசாயிகளிடம் விற்க மக்காச்சோளம் இருந்தது. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுத் தானியம் இலவசமாக வந்து இறங்கியது. தங்கள் விளைச்சலுக்கு விலை இல்லாமல் போகிறது என்று அங்கே எழுந்த குரல், உணவு உதவி பற்றிய விவாதங்களில் இன்றுவரை பேசப்படுகிறது. ஹைத்தி இதன் நீண்டகால வடிவம். அங்கே 1995-இல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி உள்ளே வந்தது. உள்ளூர் நெல் விவசாயம் நொடிந்தது. அந்தக் கொள்கை தவறு என்று முன்னாள் அதிபர் பில் கிளின்டன் 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழு முன்பு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்குள் பலர் வயலை விட்டுத் தலைநகருக்குப் போயிருந்தார்கள்.

சரி, அப்படியானால் எப்போதும் பணமாகவே கொடுத்துவிடலாமா? அதுவும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் முடிவாகிவிடும். பாலம் உடைந்து கடைக்குச் சரக்கே வராத இடத்தில் பணத்தைக் கொடுத்தால் விலைதான் ஏறும். ஆனால் சந்தை செத்துவிட்டது என்று தூரத்திலிருந்து தீர்மானிக்கவும் கூடாது. சோமாலியாவில் 2011 பஞ்சத்தின்போது, போர் நடக்கும் நாட்டில் சந்தை எப்படி வேலை செய்யும் என்று பலர் தயங்கினார்கள். ஹவாலா பணம் அனுப்பும் முகவர்கள் மூலம் குடும்பங்களுக்குப் பணம் போனது. வியாபாரிகள் தானியத்தைக் கொண்டுவந்தார்கள். சிறு வியாபாரியைச் சுரண்டல்காரராக மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-இல் எபோலா பரவியபோது எல்லைகளும் வாரச்சந்தைகளும் மூடப்பட்டன. வாங்க ஆள் வராததால் விளைந்ததை விற்க முடியாமல் விவசாயிகள் தவித்தார்கள். வியாபாரி எழுந்தால்தான் விவசாயியும் எழ முடியும். அவருடைய கிடங்குக்கும் வண்டிக்கும் ஒரு சிறு கடன் கொடுப்பது சில இடங்களில் விதையைவிடப் பெரிய உதவி.

பட்டியலில் யார் பெயர்

இழப்பீடு நில ஆவணத்தைப் பார்த்து வழங்கப்படும். ஆவணத்தில் இருப்பவர் நகரத்தில் இருப்பார். குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கு) உழுது, கடன் வாங்கிப் பயிர் வைத்தவர் ஊரில் இருப்பார். பயிர் போனது இவருக்கு, பணம் போவது அவருக்கு. ஆவணமே வெள்ளத்தில் போயிருந்தாலோ, கணவர் பெயரில் நிலம் இருந்து அவர் இறந்திருந்தாலோ இன்னும் சிக்கல். ருவாண்டாவில் படுகொலைக்குப் பிறகு ஏராளமான குடும்பங்களைப் பெண்களே நடத்த வேண்டியிருந்தது. ஆனால் தந்தையின் நிலம் மகனுக்கு என்பதுதான் வழக்கம். 1999-இல் சட்டம் திருத்தி, மகளுக்கும் சம வாரிசுரிமை கொடுத்தார்கள். ஐந்தாண்டு ஆனது. அந்த ஐந்தாண்டும் பெண்கள் உழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வயலில் கடந்த பருவம் உழுதது யார் என்று ஊரைக் கூட்டி, எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் உண்மை வரும். பெண்களிடம் தனியாகவும் கேட்க வேண்டும், கூட்டத்தில் அவர்கள் சொல்லாதது நிறைய இருக்கும்.

மாடு போனது, மாடு வாங்கிக் கொடு

கால்நடை இறந்ததும் உடனே புதிது வாங்கித் தருவது மனதுக்கு நிறைவான உதவி, புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் முந்தைய மாட்டைக் கொன்ற வறட்சியோ வெள்ளமோ புல்லையும் அழித்திருக்கும். தீவனம் இல்லாத வீட்டுக்கு வரும் புது மாடு ஒரு சுமை. அதே வட்டாரத்தில் மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் ஓர் ஏழையின் மாடு இன்னோர் ஏழைக்குப் போகிறது, விலை மட்டும் ஏறுகிறது. தொலைவிலிருந்து கொண்டுவந்தால் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாது, நோயும் கூட வரும்.

பிழைத்திருக்கும் கால்நடையைக் காப்பாற்றுவது எப்போதும் மலிவு. தீவனம், தண்ணீர், தடுப்பூசி. வறட்சி போன்ற மெதுவாக வரும் பேரிடரில், மாடு எலும்பும் தோலுமாவதற்கு முன்பே ஒரு பகுதியை நல்ல விலைக்கு விற்க வழி செய்வது இன்னும் நல்லது. எத்தியோப்பியாவின் தெற்கில் மோயாலே பகுதியில் 2006 வறட்சியில் இதைச் செய்தார்கள். வியாபாரிகளை மேய்ப்பர்களிடம் நேராக அழைத்து வந்தார்கள். விற்ற பணத்தில் அந்தக் குடும்பங்கள் உணவு வாங்கின, மிச்ச மாடுகளுக்குத் தீவனம் வாங்கின, சிலர் அவற்றைப் புல் இருக்கும் இடத்துக்கு லாரியில் அனுப்பினார்கள்.

மறுபடி வாங்கித்தான் தர வேண்டும் என்றால் சிறியதிலிருந்து தொடங்கலாம். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், மாட்டுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல், ஒட்டகத்துக்கு ஏறக்குறைய பதின்மூன்று. எதை வாங்குவது என்பதை அந்தக் குடும்பமே சந்தைக்குப் போய் முடிவு செய்யட்டும். பல் பார்த்து, மடி பார்த்து வாங்க நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

உதவியோடு ஒட்டிக்கொண்டு வருபவை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு வண்டு, சேமித்த மக்காச்சோளத்தைத் துளைத்து மாவாக்கிவிடும். அது 1970-களின் கடைசியில் தான்சானியாவில் தென்பட்டது. இறக்குமதியான மக்காச்சோளத்தோடு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் சிறு விவசாயியின் களஞ்சியத்துக்கு அதுதான் பெரிய எதிரி. மரவள்ளியின் தேமல் நோயும் கரணையோடு ஊர்விட்டு ஊர் பயணம் செய்கிறது. விதை, கரணை, நாற்று, கால்நடை எதுவானாலும் நோய்ச் சோதனையை அவசரத்தின் பெயரால் விட்டுவிடக் கூடாது.

இதுதான் சந்தர்ப்பம் என்று எல்லாவற்றையும் மாற்றுவது

பேரிடருக்குப் பிறகு ‘பழைய முறைக்கே திரும்ப வேண்டுமா?’ என்ற கேள்வி எழும். நல்ல கேள்விதான். ஆனால் சோதித்துப் பார்க்கிற துணிவு வயிறு நிறைந்திருக்கும் காலத்தில் வருவது. இழக்க ஒன்றும் மிஞ்சாத குடும்பத்தின் மேல் புதுப் பயிர், புது முறை, புது இயந்திரம் மூன்றையும் ஒரே பருவத்தில் ஏற்றக் கூடாது. இலங்கையில் 2021-இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே மூச்சில் தடை செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இயற்கை வேளாண்மைக்கு மாறுவதற்கு மண்ணுக்குச் சில ஆண்டுகளும், விவசாயிக்குப் போதிய தொழுஉரமும் பயிற்சியும் தேவை. எதுவும் தராமல் முறையை மாற்றச் சொன்னதால் நெல் விளைச்சல் சரிந்தது. நவம்பரில் தடை விலகியது. அதற்குள் முக்கிய நெல் பருவமான பெரும்போகத்தின் நடவு தொடங்கிவிட்டிருந்தது. மாற்றம் வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஒரு மூலையில், விருப்பமுள்ள நாலு பேர் வயலில், நட்டம் வந்தால் ஈடுகட்டும் உறுதியோடு தொடங்கட்டும்.

முதல் அறுவடையோடு மூட்டை கட்டுவது

முதல் அறுவடை வந்ததும் வெற்றி என்று அறிக்கை எழுதி, திட்டத்தை முடித்துவிடுவார்கள். அந்த அறுவடையின் பெரும்பகுதி கடன்காரரிடம் போகும் என்பது அறிக்கையில் வராது. பேரிடருக்கு முன் வாங்கிய கடன், மருத்துவத்துக்கு வாங்கியது, விதைப்புக்கு வாங்கியது எல்லாம் களத்து மேட்டில் காத்திருக்கும். விலை குறைவாக இருக்கும் அறுவடை நாளிலேயே விற்று அடைத்துவிட்டு, சில மாதம் கழித்து அதே தானியத்தை அதிக விலைக்கு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

ஆகவே எத்தனை மூட்டை வழங்கினோம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது பருவத்தில் திரும்பிப் போய்ச் சிலவற்றைக் கேட்க வேண்டும். இந்த முறை விதை எங்கிருந்து வந்தது, சொந்தமாக எடுத்து வைத்ததா? அடமானம் வைத்த நகையோ நிலமோ திரும்பியதா? பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போகிறதா? அறுவடைக்கு முந்தைய மாதத்தில் எத்தனை வேளை சமைத்தீர்கள்? கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். அறுவடை முடிந்த வாரத்தில் போய்க் கேட்டால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும்.

மரப்பயிர் என்றால் காத்திருப்பு இன்னும் நீளம். ஹையான் புயலில் சுமார் 3 கோடியே 30 லட்சம் தென்னை மரங்கள் சேதமடைந்தன அல்லது சாய்ந்தன. புதிதாக நட்ட நெட்டைக் கன்று காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டு ஆகும். சாய்ந்த மரங்களை அப்படியே விட்டால் மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, புதுக் கன்றையும் பிழைத்த மரத்தையும் தாக்கும். அதனால் முதல் ஆண்டு மரத்தை அறுத்துப் பலகையாக்கும் வேலை. அதோடு தென்னைக்கு இடையில் காய்கறி, கிழங்கு போன்ற ஊடுபயிர். பிறகு கன்று பராமரிப்பு என்று நடுவில் உள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வருமானத்தை யோசிக்க வேண்டியிருந்தது. அந்தத் தோப்புகளில் உழைத்த பலர் விளைச்சலில் பங்குக்கு உழைக்கும் வாரக் குத்தகைக்காரர்கள். ஊடுபயிர் வைக்கலாமா, அதன் விளைச்சல் யாருக்கு என்பதை நிலத்துக்காரரோடு பேசி எழுத்தில் வாங்காமல் கன்றை மட்டும் நட்டால், அவை காய்க்கும் நாளில் அவர்கள் அங்கே இருப்பார்களா என்பதே உறுதியில்லை.